எலிப்பசை ஆய்வை எந்த வழியில் வெளியிடுவது? டெல்டா மருத்துவர்களுக்கு ஓர் ஒப்பீடு

காவிரி டெல்டாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில், மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை உடலுக்குள் சென்றதால் கல்லீரல் செயலிழந்து சேர்க்கப்பட்டவர்களின் பதிவேடுகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து, ஒரு பேராசிரியரும் அவருடைய முதுநிலை மாணவர்களும் கட்டுரை எழுதி முடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை எந்த இதழுக்கு அனுப்புவது, யார் படிக்கும்படி வெளியிடுவது, அதற்கான பணத்தை யார் கொடுப்பது என்ற கேள்விகள் கட்டுரை முடிந்த பிறகுதான் எழுகின்றன. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பணியாற்றும் எனக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவை. ஒவ்வொரு கல்வியாண்டும் யாராவது ஒருவர் மடிக்கணினியுடன் வந்து, இதழ்களின் பட்டியலைக் காட்டி, "இதில் எது நல்லது?" என்று கேட்கிறார். எது நல்லது என்பது யார் படிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது என்பதால், ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த நஞ்சின் இயல்பு மருத்துவரை ஏமாற்றக்கூடியது. முதல் நாள் வாந்தியும் வயிற்று வலியும் இருக்கும். பிறகு ஓரிரு நாள்கள் நோயாளி தெளிவாகப் பேசுவார், சாப்பிடுவார், வீட்டுக்கு அனுப்பும்படி கேட்பார். அதற்குப் பின்னரே கல்லீரல் பழுது வெளிப்பட்டு, மஞ்சள் காமாலையும் இரத்தம் உறையாமையும் தோன்றுகின்றன. இதற்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது. ஆகவே அந்த இடைப்பட்ட நாள்களில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல் இரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதும், பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை கிடைக்கும் பெரிய மருத்துவமனைக்கு நேரத்தோடு அனுப்புவதும்தான் உயிரைக் காக்கும் வாய்ப்புகள். இந்த முடிவை எடுப்பவர் தஞ்சாவூரில் இருக்கும் பேராசிரியர் அல்லர். மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ வேதாரண்யத்திலோ இரவுப் பணியில் தனியாக இருக்கும் இளம் மருத்துவர். கட்டுரையின் முதல் வாசகர் அவரே. அவரை அடுத்து, எலிப்பசை விற்பனையைக் கண்காணிக்க வேண்டிய மாவட்ட அதிகாரிகளும் வேளாண் துறையினரும் வருகிறார்கள். இந்திய இரைப்பைக் குடலியல் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை மருத்துவர்கள் இந்தப் பாதிப்பை மாநிலம் தழுவிய அளவில் கணக்கெடுத்து வெளியிட்ட பின்னரே இது அரசின் கவனத்துக்கு முழுமையாக வந்தது. தமிழக அரசு இந்தப் பசையின் விற்பனைக்குத் தடையும் விதித்தது. இத்தகைய ஆய்வு ஆட்சியாளர்களால் படிக்கப்பட்டால் உயிர்கள் மிஞ்சும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

முதல் வழி, நெடுங்காலமாக வழக்கில் உள்ள சந்தா இதழ். ஆசிரியர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. படிப்பவரோ அவருடைய நிறுவனமோ சந்தா கட்டுகிறது. கல்லீரல் ஆய்வுக்கான இந்திய தேசியச் சங்கம் 2011 முதல் வெளியிட்டுவரும் 'ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் அண்ட் எக்ஸ்பெரிமெண்டல் ஹெபடாலஜி', 1982-இல் தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி' ஆகிய இரண்டும் நம் மருத்துவர்களுக்கு நன்கு அறிமுகமானவை. முன்னது எல்செவியர் வழியாகவும், பின்னது ஸ்பிரிங்கர் வழியாகவும் வெளியாகிறது. இந்நாட்டுக் கல்லீரல் நோய்களின் தன்மையை அறிந்து, வெளியிடும் முன் கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர்கள் இந்த இதழ்களில் இருக்கிறார்கள். எலிப்பசையால் வரும் கல்லீரல் செயலிழப்பு அயல்நாட்டு மதிப்பீட்டாளர் பலருக்கு அரிய செய்தியாகத் தோன்றும். இங்கே அதைக் கண்ணால் பார்த்தவர்கள் கட்டுரையைத் திருத்துவார்கள். இது பணத்தால் அளக்க முடியாத நன்மை.

சந்தா இதழின் குறை, கதவு மூடியிருப்பது. ஆனால் அந்தக் கதவின் நிலை 2025-இலிருந்து ஓரளவு மாறியிருக்கிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்படி, 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் திறக்கப்பட்டுள்ளன. எங்களைப் போன்ற நூலகங்களுக்கு இது பெரும் வரம். முன்பெல்லாம் ஒரு கட்டுரைக்காக வேலூரிலோ புதுச்சேரியிலோ படிக்கும் நண்பரைத் தேடிய மாணவர்கள் இன்று தாங்களே திறந்து படிக்கிறார்கள். இதைக் காட்டி, "கட்டுரையை யாரும் கட்டணமின்றிப் படிக்கவிடும் திறந்த அணுக்கம் இனி எதற்கு, எல்லாருக்கும்தான் கிடைக்கிறதே" என்று சொல்லும் மூத்த பேராசிரியர்களும் உண்டு.

அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. திட்டத்தின் பயனாளிகள் அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் படிப்பவர்களும் பணியாற்றுபவர்களும்தான். வட்ட மருத்துவமனை உயர்கல்வி நிறுவனம் அன்று. ஆரம்ப சுகாதார நிலையமும் அன்று. கும்பகோணத்தில் தனியாக மருத்துவமனை நடத்துபவரும், தனியார் மருத்துவக் கல்லூரி மாணவரும், நலவாழ்வுச் செய்தி எழுதும் நிருபரும், தன் மகனுக்கு என்ன ஆயிற்று என்று அறியத் துடிக்கும் தாயும் அதற்குள் வரவில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வரை வந்துவிட்டது என்பதாலேயே கடைமடை வயல் நனைந்துவிட்டதாக டெல்டாவில் யாரும் சொல்ல மாட்டார்கள். நாம் முதல் வாசகராகக் குறித்த அந்த இரவுப் பணி மருத்துவர் இருப்பது கடைமடையில்தான்.

இரண்டாம் வழி, ஆசிரியரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டுரையை எல்லாருக்கும் திறந்துவிடும் 'தங்க' வழி. கல்லீரல் துறையில் இது வேகமாக வளர்ந்திருக்கிறது. கல்லீரல் நோய்கள் ஆய்வுக்கான அமெரிக்கச் சங்கம் 2017-இல் 'ஹெபடாலஜி கம்யூனிகேஷன்ஸ்' இதழையும், ஐரோப்பியச் சங்கம் 2019-இல் 'ஜெஎச்இபி ரிப்போர்ட்ஸ்' இதழையும் முழுத் திறந்த அணுக்க இதழ்களாகவே தொடங்கின. தரம் குறித்து ஐயம் தேவையில்லை. தடை கட்டணமே. பெரிய பதிப்பகங்களின் மருத்துவ இதழ்களில் ஒரு கட்டுரைக்கு 2,000 முதல் 4,000 டாலர் வரை கேட்பது வழக்கமாகிவிட்டது. 3,000 டாலர் என்றால் வரி நீங்கலாகவே இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். அரசுக் கல்லூரித் துறை ஒன்றுக்கு இத்தகைய செலவுக்கென்று தனி நிதி கிடையாது. ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்தும், முதுநிலை மாணவர்கள் உதவித்தொகையிலிருந்தும் பங்கிட்டுக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அது நியாயமன்று.

கட்டண விலக்கு கிடைக்குமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கர் நேச்சர் போன்ற பதிப்பகங்கள் நெடுங்காலம் பின்பற்றிய முறைப்படி, உலக வங்கியின் குறைந்த வருவாய்ப் பட்டியலில் உள்ள நாடுகளுக்கு முழு விலக்கு. கீழ்நடுத்தர வருவாய் நாடுகளுக்குப் பாதி விலக்கு, ஆனால் அந்த நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 20,000 கோடி டாலருக்குக் கீழே இருந்தால் மட்டுமே. இந்தியா கீழ்நடுத்தர வருவாய் நாடுதான். எனினும் மக்கள்தொகையால் அதன் மொத்த உற்பத்தி அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டி நிற்கிறது. தனிமனித வருவாயில் ஏழை நாடாகவும், மொத்தக் கணக்கில் செல்வ நாடாகவும் நிற்பதால் நம் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தோடு, தேர்ந்தெடுக்கப்பட்ட நல்ல திறந்த அணுக்க இதழ்களின் கட்டணத்துக்கென ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் உதவியும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆனால் நாடு முழுவதிலுமிருந்து வரும் கட்டுரைகளோடு போட்டியிட வேண்டியிருப்பதால், கையில் உள்ள ஒரு கட்டுரைக்கான திட்டத்தை அந்த நிதியை மட்டும் நம்பி வகுக்கக் கூடாது.

சந்தா இதழிலேயே கூடுதல் கட்டணம் கட்டி, தன் ஒரு கட்டுரையை மட்டும் திறந்துவிடும் கலப்பு முறையும் உண்டு. இதை நான் பரிந்துரைப்பதில்லை. நூலகம் வழியாக ஒரு முறை சந்தா கட்டும் அரசுப் பணத்துக்கு மேல், அதே இதழுக்கு மறுபடியும் பணம் செல்கிறது. வெளிநாட்டு நிதியமைப்பு ஒன்று கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் கூட்டு ஆய்வாக இருந்தால் அது வேறு செய்தி.

ஆசிரியரும் கட்டாமல், வாசகரும் கட்டாமல், சங்கமோ அரசோ செலவை ஏற்கும் 'வைர' வழிதான் கொள்கை அளவில் எனக்கு மிகவும் பிடித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' 1913 முதல் வெளிவருகிறது. நெடுங்காலமாக அது ஆசிரியரிடம் கட்டணம் கேளாமல் வாசகருக்குத் திறந்திருக்கும் இதழாக இயங்கிவந்திருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்களும் அந்த மரபில் வந்தவை. மும்பையில் தொடங்கிய மெட்நோ பதிப்பகம், தன் தொடக்க ஆண்டுகளில் பல இந்திய மருத்துவச் சங்க இதழ்களை இப்படியே திறந்து வைத்தது; 2011-இல் அது வோல்டர்ஸ் குளுவர் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. நம்மிடம் இருந்த ஒரு நல்ல மரபு, வேறு நாட்டார் அதற்கு வைரம் என்று பெயர் சூட்டுவதற்கு முன்பே இங்கே நடைமுறையில் இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கல்லீரலுக்கென்றே இயங்கும் வைர இதழ்கள் மிகக் குறைவு. பொது மருத்துவ இதழ்களில் இடத்துக்கான போட்டி கடுமை. முடிவு வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒரு மாவட்டத்தின் நோயாளித் தொகுப்பு, பொதுச் சுகாதாரக் கேள்வி ஒன்றுக்கு விடை சொல்வதாக எழுதப்பட்டிருந்தால் அங்கே அனுப்பிப் பார்ப்பது தகும். நஞ்சு எங்கே வாங்கப்பட்டது, மருத்துவமனையை அடைய எத்தனை மணி நேரம் ஆயிற்று, இடையில் எத்தனை இடங்களுக்கு மாற்றப்பட்டார் என்ற விவரங்கள் கட்டுரையில் இருந்தால், அது கல்லீரல் துறையைத் தாண்டிய கட்டுரையாகிவிடுகிறது.

இனி 'பசுமை' வழி. டெல்டாவின் அரசுக் கல்லூரிகளுக்கு இதுவே பொருந்தும் என்பது என் முடிவு. ஆனால் இங்கே மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். கட்டணமில்லாத சந்தா இதழில் கட்டுரையை வெளியிட வேண்டும். மதிப்பீட்டாளர்களின் திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டு இதழாசிரியரால் ஏற்கப்பட்ட கைப்பிரதியை, பதிப்பகம் பக்கம் கட்டி அழகுபடுத்துவதற்கு முந்தைய வடிவிலேயே, யாரும் படிக்கக்கூடிய ஒரு திறந்த இணையக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். உள்ளடக்கம் ஒன்றே; அச்சு வடிவம் மட்டுமே வேறு. பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் இதற்கு அனுமதி தருகின்றன. இதழில் வெளியாகி 12 மாதம் கழிந்த பின்னரே களஞ்சியத்தில் திறக்கலாம் என்ற தடைக்காலம் மருத்துவ இதழ்களில் பொதுவான நிபந்தனை. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் பல்லாண்டுகளாக இந்தியாவுக்கு வலியுறுத்திவந்தது இதைத்தான்: கட்டணம் கட்டித் திறப்பதற்கு முன், நம் கைப்பிரதிகளை நாமே களஞ்சியத்தில் வைக்கப் பழக வேண்டும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை, தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளுக்கு இதையே கடமையாக்கியது. நிதியுதவி இல்லாமல், வார்டு வேலைக்கு நடுவே நடக்கும் நம் மருத்துவமனை ஆய்வுகளை அந்தக் கொள்கை கட்டுப்படுத்தாது என்பதாலேயே அவை களஞ்சியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

களஞ்சியம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் முதுநிலை ஆய்வேடுகள் ஏராளமாகத் திறந்து கிடக்கின்றன. தஞ்சாவூர், திருச்சி மாணவர்கள் ஈரல் இறுக்கம் பற்றியும் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையின் உயர் அழுத்தம் பற்றியும் எழுதியவற்றை யாரும் அங்கே படிக்கலாம். மதிப்பீட்டாளர் தொடாத ஆய்வேடு உலகுக்கே திறந்திருக்க, அதே தரவிலிருந்து எழுதிப் பலமுறை திருத்திச் செம்மையான கட்டுரை பூட்டிக் கிடப்பது முறையா என்று ஒவ்வொரு முறையும் கேட்கத் தோன்றுகிறது. கல்லூரிக்கென்று களஞ்சியம் இல்லாதவர்கள், ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் செனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றி வைக்கலாம். தேடுபொறிகள் அதை எடுத்துக்காட்டும். நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும்.

12 மாதத் தடைக்காலம் இந்த வழியின் உண்மையான பலவீனம். கொழுப்புக் கல்லீரல் பற்றிய ஆய்வு ஓராண்டு காத்திருக்கலாம். எலிப்பசை ஆய்வு ஒரு சம்பா பருவம்கூடக் காத்திருக்கக் கூடாது. கதிர் பால்பிடிக்கும் காலத்தில் எலித் தொல்லை கூடும்போது, மூங்கில் எலிப்பொறியான தஞ்சாவூர் கிட்டி வைப்பவர்கள் குறைந்துவிட்ட ஊர்களில் பசையும் மருந்தும்தான் வீட்டுக்குள் வருகின்றன. ஆகவே இத்தகைய ஆய்வுகளுக்கு முன்பதிப்பு என்ற இன்னொரு வாயிலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019-இல் தொடங்கிய மெட்ஆர்க்கைவ் என்ற இணையதளம், மதிப்பீட்டுக்கு முந்தைய மருத்துவக் கட்டுரைகளைக் கட்டணமின்றி ஏற்று, 'மதிப்பிடப்படாதது' என்ற எச்சரிக்கையோடு வெளியிடுகிறது. தனி நோயாளி அறிக்கைகளை அது ஏற்பதில்லை. பல நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து ஆராயும் இத்தகைய கட்டுரைகளை அனுப்பலாம். நீங்கள் அனுப்பவிருக்கும் இதழ், முன்பதிப்பாக வந்த கட்டுரையை ஏற்குமா என்பதையும் முன்னரே அதன் விதிகளில் பார்த்துவிட வேண்டும்.

முன்பதிப்பை எல்லா ஆய்வுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே கீழாநெல்லியின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பணிக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கும் இணைந்து பங்கேற்ற ஆய்வு 1988-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியிருந்தவர்களில் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடமும், வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவரிடமும் மட்டுமே வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது என்பது அதன் முடிவு. பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் பிற்காலத் திறனாய்வும் நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது. வரப்போரத்தில் முளைக்கும் கீழாநெல்லியைப் பறித்து அரைத்து மோரில் குடிக்கும் வழக்கம் உள்ள டெல்டாவில், முதல் ஆய்வின் செய்தி வீடு வீடாகச் சென்றது; அடுத்து வந்த ஆய்வுகளின் செய்தி சந்தா இதழ்களுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுவதால் பெயர் மூலிகைக்குப் போகிறது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர், 2018 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் அரசு இலவசமாகத் தரும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் வராமல் ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார். இதிலிருந்து எனக்குப் புலப்படுவது இதுதான்: மருந்தொன்று பலனளித்தது என்று சொல்லும் சிறிய ஆய்வை மதிப்பீட்டுக்கு முன் பொதுவெளியில் வைப்பது ஆபத்து; ஒரு சிகிச்சை பலனளிக்கவில்லை என்றோ, ஒரு நஞ்சு எப்படிக் கொல்கிறது என்றோ சொல்லும் ஆய்வை எவ்வளவு விரைவாகத் திறக்கிறோமோ அவ்வளவு நல்லது. எலிப்பசைக் கட்டுரை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே அளவில் திறந்தவை அல்ல. பெயரைக் குறிப்பிட்டால் போதும், எப்படியும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமமும் உண்டு. வணிகப் பயன்பாடும் மாற்றமும் கூடாது என்ற இறுக்கமான உரிமமும் உண்டு. இறுக்கமானதைத் தேர்ந்தால், கட்டுரையைத் தமிழில் பெயர்த்து வெளியிடுவதும் மாற்றமாகவே கொள்ளப்படும். நாகப்பட்டினத்துச் செவிலியர் பயிற்சிக்காக யாராவது அதைத் தமிழாக்க விரும்பினால், எழுதியவரே விரும்பினாலும், பதிப்பகத்திடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். படிவத்தில் ஒரு கட்டத்தைத் தேர்வது போன்ற சிறு செயலாகத் தோன்றும் இதைப் பலர் அவசரத்தில் செய்துவிடுகிறார்கள்.

பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் வேண்டும் என்ற கட்டாயத்தால், சில ஆயிரம் ரூபாய்க்கு மூன்று நாளில் வெளியிட்டுத் தருவதாக மின்னஞ்சல் அனுப்பும் போலி இதழ்களும் இந்த ஒப்பீட்டுக்குள் நுழைய முயல்கின்றன. அவற்றுக்கு இங்கே இடமில்லை. ஆய்வு இதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளங்களான மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ் ஆகியவற்றில் இதழ் இருக்கிறதா என்று அந்தத் தளங்களிலேயே தேடிப் பார்க்க வேண்டும். இதழ் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பக் கூடாது. திறந்த அணுக்க இதழ்களுக்கு 2003 முதல் இயங்கும் 'திறந்த அணுக்க இதழ்களின் கோவை' (DOAJ) என்ற இணையப் பட்டியலும் உதவும். சிக்கிய கட்டுரையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அந்தத் தரவை வேறு இதழும் ஏற்காது. நோயாளிகளின் துயரத்திலிருந்து திரட்டிய தரவு அப்படி வீணாவதைக் கண்டால் மனம் ஆறுவதில்லை.

ஆகவே நம் எலிப்பசைக் கட்டுரைக்கு என் பரிந்துரை இவ்வாறு அமைகிறது. முன்பதிப்பை ஏற்கும் இதழா என்று உறுதிசெய்துகொண்டு, மெட்ஆர்க்கைவில் முன்பதிப்பாக வைத்து, இந்தியச் சங்க இதழ் ஒன்றின் கட்டணமில்லா வழியில் அனுப்புங்கள். பொதுச் சுகாதாரப் பார்வை வலுவாக இருந்தால் முதலில் வைர இதழை முயலுங்கள். கட்டணத்துக்கு உறுதியான நிதி எழுத்தில் கிடைத்தால் மட்டும் தங்க இதழை எண்ணுங்கள். தனி நோயாளி அறிக்கை என்றால் முன்பதிப்பை விட்டுவிட்டுப் பசுமை வழியை மட்டும் பின்பற்றலாம். ஏற்புக் கடிதம் வந்த அன்றே, இறுதியாகத் திருத்திய கைப்பிரதியைத் தனிக் கோப்பாகப் பெயரிட்டுச் சேமித்து, நூலகத்துக்கு ஒரு படி அனுப்பிவிடுங்கள். ஓராண்டு கழித்துக் களஞ்சியத்தில் வைக்க வரும்போது, படித்து முடித்து வேறு ஊருக்குப் போய்விட்ட மாணவரின் மடிக்கணினியில்தான் அந்தக் கோப்பு இருக்கிறது என்ற விடையையே பெரும்பாலும் கேட்க நேர்கிறது.